தரணேந்திரனுக்குப் பசிக்கவில்லை

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. வந்தவாசியில் அன்று நண்பகல் வெயில் நூற்று நான்கு டிகிரியைத் தொட்டது. நான்கு மணிக்குப் பிறகு மேற்கே மேகம் திரண்டது. திரண்டதே ஒழிய ஒரு தூறலும் விழவில்லை. புழுதிக் காற்று மட்டும் தெருவைக் கூட்டிக்கொண்டு போயிற்று. ஐந்து மணி பதினெட்டு நிமிடத்துக்குக் கனகமாலை தட்டைக் கொண்டுவந்து தன் கணவர் தரணேந்திரனின் முன்னால் வைத்தாள். நாட்காட்டியின்படி அன்று சூரியன் மறைவது ஆறு முப்பத்தேழுக்கு.

குழைந்த சாதம்; அதன் நடுவில் விரலால் பறித்த குழி; குழியில் உருக்கிய நெய்; ஓரத்தில் பாசிப்பருப்புப் போட்ட பீர்க்கங்காய்க் கூட்டு. தரணேந்திரன் பார்த்தார். எதிர்வீட்டுச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அருவருப்பு வந்தால்கூடப் பரவாயில்லை, குமட்டினால்கூடப் பரவாயில்லை, அதுவும் ஒரு பதில்தான். இது பதிலே வராத நிலை. சாப்பாடு என்று தெரிகிறது, சூடாக இருப்பது தெரிகிறது, நெய் நல்ல நெய் என்பதுகூடத் தெரிகிறது; வேண்டும் என்பது மட்டும் எழவில்லை. ஏப்ரலில் சென்னையில் அவருடைய மூளையின் அடிப்பகுதியிலிருந்து நெல்லிக்காய் அளவுக் கட்டி ஒன்றை எடுத்தார்கள். எடுத்த மருத்துவர் நல்லவர், கைராசிக்காரர், எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்று சிரித்தார். எல்லாவற்றையும் என்றால் இதையும் சேர்த்தா என்று கேட்க அப்போது தோன்றவில்லை. அறுபத்து மூன்று கிலோ இருந்தவர் இப்போது நாற்பதரை. நாளை மறுநாள், வியாழக்கிழமை, மறுபடியும் எடை பார்ப்பார்கள். நாற்பதுக்குக் கீழே இறங்கியிருந்தால் மூக்கு வழியாகக் குழாய். அந்தக் குழாயை மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் பார்த்திருக்கிறார். அதற்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் அதுபாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும். அறுபத்தாறு வயதுவரை சூரியன் மறைந்த பின் ஒரு பருக்கையையும் உள்ளே விடாதவர் அவர். ஊரில் நயினார் எனப்படும் சமணர் வீடுகள் எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம். ஆனால் பல வீடுகளில் அது தளர்ந்துவிட்டது, இந்த வீட்டில் தளரவில்லை. வெளியூர் முகாம்களில் அலுவலகக் கூட்டாளிகள் ஒன்பது மணிக்குப் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருக்க, ஐந்தரைக்கே தயிர்ச்சாதப் பொட்டலத்தை முடித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு, தூங்கும்போது மூக்கில் ஊற்றப்போகிறார்கள். அதைத் தடுக்க அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. முன்னால் இருப்பதைச் சாப்பிட வேண்டும். எலி செய்கிறது. காக்கை செய்கிறது. அவருக்கு முடியவில்லை.

"என்னங்க, நெய்யை முதல்ல நாக்குல வைங்க. மதி சொன்னாளே" என்றாள் கனகமாலை.

மதி சொன்னாள். மதி நிறையச் சொன்னாள். பெங்களூருவில் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தும் அவர்களுடைய மகள் அனந்தமதி, தினமும் காலையில் தொலைபேசியில் அழைத்து, அப்பாவின் தலைக்குள் என்ன நடக்கவில்லை என்பதை விளக்குகிறாள். பசி என்பது வயிறு காலியாக இருப்பதல்ல என்கிறாள். இத்தனை வருடம் அப்படித்தான் நினைத்திருந்தார். காலியான வயிறு மனு எழுதி மேலே அனுப்புகிறது, மேலே அதைப் பிரித்துப் படித்துக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். அந்த நாற்காலிதான் இப்போது காலி. அந்தக் கையெழுத்துக்கு மூளையில் ஒரு சரக்கு சுரக்க வேண்டுமாம்; முதல் முறை அவள் அதைப் பற்றிச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. "மூளையே கஞ்சா மாதிரி ஒண்ணைத் தயார் பண்ணுதுப்பா. அதுதான் பசியைத் தூண்டிவிடுது." என்ன பேச்சு இது. தேன்கூடத் தொடாத வீடு. தேனீக்களின் உழைப்பைப் பறிப்பது பாவம் என்று நாக்கில் ஒரு சொட்டும் வைத்ததில்லை. "எல்லார் மூளையுமா?" என்று கேட்டார். "எல்லார் மூளையும்தான். முனிவர் மூளையும்தான். அந்தச் செடிக்காகத் தலையில பூட்டு வெக்கலப்பா. நம்ம சாவிக்காகத்தான் பூட்டு இருக்கு, செடியில இருக்கிறது வந்து கள்ளச்சாவி போடுது." அந்தச் சரக்குகளில் ஒன்றுக்கு ஆனந்தம் என்ற வடசொல்லை வைத்தே பெயர் சூட்டியிருக்கிறார்களாம். போதும் என்று சொல்வதற்கென்றே மூளையின் அடியில் சில உயிரணுக்கள் இருக்கின்றனவாம், இந்தச் சரக்கு அங்கே போய்ச் சேர்ந்தால், போதும் என்று சொல்ல வேண்டிய அதே அணுக்கள் இன்னும் கொண்டுவா என்று சொல்லத் தொடங்குமாம், எலிகளிடம் கண்டிருக்கிறார்கள். கொழுப்பு நாக்கில் பட்டால் குடலும் தன் பங்குக்கு அதைச் சுரக்குமாம். ஆகவே நெய். ஆகவே நாக்கு. விரல் நுனியில் தொட்டு வைத்தார். வழவழவென்று பரவிற்று. காத்திருந்தார். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா, குடல் ஏதாவது செய்கிறதா, யாரைக் கேட்பது. ஒன்றுமில்லை. ஐந்து இருபத்தேழு.

அட்டமி, சதுர்த்தசி நாள்களில் முழு உபவாசம் இருந்து மறுநாள் காலையில் எழுந்தால், மூன்று வீடு தள்ளி உலை கொதிப்பது மூக்குக்குத் தெரியும். அரிசி எந்த அரிசி என்பதுகூடத் தெரியும். அதை அடக்கிக்கொண்டு குளித்து, கோயிலுக்குப் போய், நிதானமாகத் திரும்பி வந்து உட்காருவதில் ஒரு மிடுக்கு இருந்தது. நாற்பது வருடம் அந்த மிடுக்கைத் தன் சொத்தாக நினைத்துக்கொண்டிருந்தார். மகள் சொல்கிறாள், பட்டினியில் மூளை அந்தச் சரக்கைக் கூடுதலாகச் சுரக்கும், அது மூக்கைத் தீட்டிவிடும், எலிக்கும் அப்படித்தான். அப்படியானால் அவர் அடக்கியது எதை? எதிரே ஒன்று தள்ளிக்கொண்டு நின்றதால் இவரும் தள்ளிக்கொண்டு நின்றார். இப்போது எதிரே ஆளைக் காணோம், இவர் முன்னால் குப்புற விழுந்து கிடக்கிறார். பசியே இல்லாதவன் உண்ணாமல் இருப்பதில் என்ன இருக்கிறது. கல் உண்ணுவதில்லை. கதவு உண்ணுவதில்லை. சரி, இதெல்லாம் எதற்கு, ஒரு கவளம் எடு. எடுத்தார். வாயில் வைத்தார். மென்றார். நாக்கு அதை இங்கேயும் அங்கேயும் புரட்டியது, முகவரி இல்லாத தபாலைப்போல. விழுங்கு. விழுங்கினார். தொண்டையில் அது நிற்பது தெரிந்தது. தண்ணீர். இன்னொன்று எடுக்கக் கை எழவில்லை. கைக்கு வலி இல்லை, நடுக்கமும் இல்லை. எழ ஒரு காரணம் வேண்டும் அதற்கு, காரணம் மேலேயிருந்து வர வேண்டும். போன சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் இரவு ஏழரை மணிக்கு ஏதோ அசைந்தது. வயிற்றில் அல்ல, கன்னத்தின் உட்புறத்தில் மெல்லிய நீர். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். தூக்கம் கெட்டவர்களுக்கு அந்தச் சரக்கு இரவு வரைக்கும் இறங்காமல் நிற்கும் என்றாள் மதி. அறுவைக்குப் பிறகு அவர் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்குவதில்லை. "அப்ப சாப்பிடுங்கப்பா. வர்ற நேரத்துல சாப்பிடுங்க. யாரு கேக்கப் போறாங்க?" யாரும் கேட்கப் போவதில்லை. அதுதான் சங்கடம். யாராவது கேட்டால் பதில் சொல்லிவிடலாம்.

கேட்காதவர்கள்தான் வந்துகொண்டிருக்கிறார்கள். இதை நினைத்தாலே அவருக்கு நெற்றி சுடுகிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பியவுடன் சாதம் இறங்கவில்லை. கனகமாலை பால் கொடுத்தாள். பால் எதுக்களித்தது, மோர் கொடுத்தாள். மோரும் பிடிக்காமல் கஞ்சித் தண்ணீர். பிறகு நான்கு நாள் வெந்நீர் மட்டும். வேறு எந்தத் தெருவிலும் இதை வயிற்றுக் கோளாறு என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் வாழ்ந்து முடித்தோம் என்று உணர்ந்த சமணர் உணவைக் கைவிட்டு உயிர்விடச் சல்லேகனை விரதம் ஏற்றால் இதே வரிசையில்தான் கைவிடுவார்: முதலில் திட உணவு, அடுத்துப் பால், அடுத்து மோரும் கஞ்சியும், கடைசியில் வெந்நீர். கோயிலில் மாலைதோறும் சாத்திரம் வாசிக்கும் ஜயபாலன் பக்கத்து வீடு. அவர் வரிசையைக் கவனித்தார். மறுநாள் பெண்கள் வந்து நிலைப்படியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவருக்கு உடம்பு சரியில்லைங்க என்று கனகமாலை சொன்னதற்கு, "பெரியவங்க அப்படித்தான் அடக்கமாச் சொல்வாங்க" என்றார் ஜயபாலன். அன்றிலிருந்து ஐந்தரை ஆனால் யாராவது வந்து கைகூப்பி உட்கார்ந்துவிடுகிறார்கள், சாப்பாட்டு நேரம் பார்த்து. கூப்பிய கைகளுக்கு முன்னால் யார் சாதத்தைப் பிசைவது. தட்டு உள்ளே போய்விடும், சூரியன் போய்விடும். அவர் மறுத்திருக்கலாம். முதல் நாளே ஒரு வார்த்தை. ஆனால் முப்பத்தோரு வருடம் கடைத்தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளராக இருந்தவர் அவர். அவருடைய சைக்கிள் தெருமுனையில் தெரிந்தால் ஷட்டர்கள் இறங்கும். கைகூப்பி யாரும் எதிரே உட்கார்ந்ததில்லை. மூன்றாம் நாள் அது பிடித்திருந்தது. அதைத் தனக்குள் சொல்லிக்கொள்ளவே இரண்டு வாரம் ஆயிற்று.

வெளியே செருப்பைக் கழற்றும் சத்தம். கனகமாலை பழக்கத்தில் தட்டை இழுத்து மூடியால் மூடினாள். ஐந்து ஐம்பது. வந்தவர் ரிஷபதாஸ்.

தரணேந்திரனின் சித்தப்பா மகன். அரிசிக் கடைக்காரர். பத்தொன்பது வருடம் பேச்சு இல்லை. இரண்டாயிரமாவது ஆண்டில் அந்தக் கடையின் தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஈயத்துண்டைக் கண்டுபிடித்துத் தராசைக் கைப்பற்றியவர் தரணேந்திரன். சொந்தச் சித்தப்பா கடை என்றும் பார்க்கவில்லையே என்று தெரு முழுக்கப் பேசிற்று. அந்த ரிஷபதாஸ், தலை நரைத்து, தொப்பை சரிந்து, தரையில் உட்கார்ந்து கைகூப்பினார். உட்காரும்போது முழங்கால் சொடுக்கியது.

"வரக்கூடாதுன்னுதான்ணா இருந்தேன். கேள்விப்பட்டதும் மனசு கேக்கலை. நீங்க எல்லாத்தையும் விட்டுட்டுப் போற மனுஷன். உங்ககிட்ட நான் வெச்சிருக்கிறதை இறக்கிடணும்."

"ரிஷபா" என்று தொடங்கினார் தரணேந்திரன்.

"நீங்க பேசாதீங்க, களைப்பா இருப்பீங்க. நான் சொல்லிடறேன். அந்த ஈயத்தை ஒட்டினது நான். அப்பா இல்ல. அப்பாதான் ஒட்டினார்னு ஊருக்குச் சொன்னதும் நான். அவரு ஒத்துக்கிட்டாரு. என்னைக் காட்டிக்குடுக்காமலே போயிட்டாரு. இது என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. நீங்க என்னை மன்னிக்கணும். உங்களைத் திட்டினதை எல்லாம் நானும் விட்டுட்டேன்."

கண் துடைத்துக்கொண்டார். கனகமாலை சுவரைப் பார்த்தாள். தரணேந்திரனுக்குப் பழைய முகம் ஒன்று நினைவுக்கு வந்தது. சித்தப்பா. காதில் கடுக்கன், கையில் மூக்குப்பொடி டப்பி. சோதனை அன்று ஒரு வார்த்தை பேசவில்லை, தராசையும் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத் திமிர் என்று அறிக்கையில் எழுதினேனா, எழுதவில்லை, மனத்தில் எழுதினேன். பத்தொன்பது வருடம் மனத்தில் அப்படியே இருந்தது. மணி என்ன. ஆறு ஐந்து. இவன் இதை என்னிடம் சொல்லவில்லை. வெந்நீரில் வந்து நிற்கிற ஒரு முனிவரிடம் சொன்னான், அவர் இந்த வீட்டில் இல்லை. நான் அடுத்த வாரம் போய்விட்டால் இவனுக்கு நிம்மதி. போகாமல் அடுத்த மாதம் கடைவழியாக நடந்தால் இவன் முகம் எப்படியிருக்கும். சும்மா இருந்துவிடலாம். கையை உயர்த்தி மன்னித்தேன் என்றால் அரை மணி நேரத்தில் எழுந்து போவான். அரை மணி நேரத்தில் ஆறு முப்பத்தைந்து. மூடிக்கு அடியில் சாதம் ஆறிக்கொண்டிருக்கும். நாளை ஜயபாலன், நாளை மறுநாள் குழாய். மன்னித்தேன் என்று மட்டும் சொல், போதும், நல்ல காரியம், அவன் அழுகிறான். இரவு பத்து மணிக்குச் சொட்டும். சொட்டட்டுமே, என்ன கெட்டுப்போயிற்று, உன்னைக் கேட்டா ஊற்றுகிறார்கள். கேட்டுத்தான் ஊற்றுகிறார்கள், சாப்பிடு என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். ஒரு சொல்லாவது உள்ளேயிருந்து வந்தால் தேவலை. வேண்டும் என்று ஒரு குரல். வராது. அது வந்த பிறகுதான் கை நீளும் என்று காத்திருந்தால், காத்திருந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஆறு பன்னிரண்டு.

"ரிஷபா, நான் விரதத்துல இல்ல."

"அடக்கமாத்தான் சொல்வீங்கன்னு ஜயபாலன்—"

"ஜயபாலனுக்கு ஒண்ணும் தெரியாது. தலையில கட்டி எடுத்தாங்க. அதோட பசி போயிடுச்சு. சாகறதுக்கு எனக்கு இஷ்டம் இல்ல. சாப்பிட முடியலை, அவ்வளவுதான். நீங்கல்லாம் கும்பிட்டீங்க, நான் வேணாம்னு சொல்லலை. அது என் தப்பு."

ரிஷபதாஸின் கைகள் கூப்பியபடியே கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு அவை பிரிந்து மடியில் விழுந்தன.

"அப்ப நான் யார்கிட்ட சொன்னேன்?"

"என்கிட்டத்தான்."

"தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்."

"தெரியும்."

"தராசைக் கைப்பத்தினப்பவும் எதையும் விட்டுக்குடுக்கலை. இப்பவும் விட மாட்டேங்கறீங்க." குரல் தடித்திருந்தது. எழுந்திருக்கப் போனவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். "அண்ணி, அது என்ன மூடி வெச்சிருக்கீங்க?"

"சாதம்" என்றாள் கனகமாலை.

"எடுங்க. சாப்பிடட்டும். சாகப் போறவரு இல்லேங்கறாரே, நான் பாக்கணும்."

மூடி விலகியது. நெய் ஓரத்தில் வெள்ளையாக உறையத் தொடங்கியிருந்தது. ரிஷபதாஸ் சுவரில் சாய்ந்து, பாக்கி வசூலுக்கு வந்தவரைப்போல, கண் இமைக்காமல் பார்த்தார். தரணேந்திரன் எடுத்தார். முதல் கவளம் தொண்டையில் நின்றது, தள்ளினார். இரண்டாவது. பார்க்கிறான். பார்க்கட்டும். இவன் கோபம் நல்ல கெட்டியான கோபம், சாய்ந்துகொள்ளலாம். மூன்றாவதில் பீர்க்கங்காய் நார் பல்லில் மாட்டியது. நாக்கு அதைத் தேடிப் போயிற்று. இதற்கு மட்டும் நாக்குக்கு ஆசை இருக்கிறதே. நான்காவது. போதும் என்று சொல்ல ஒருவன், கொண்டுவா என்று சொல்ல ஒருவன், இரண்டு பேரும் உள்ளே இல்லை. நான் ஒருவன்தான் இருக்கிறேன், எடுக்கிறேன், வைக்கிறேன், மூட்டை ஏற்றுகிறேன். ஏழாவதில் கன்னத்துக்குள் ஏதோ ஈரம். நிறுத்தினார். அதுவா? உற்றுக் கேட்டார். உமிழ்நீர் எல்லோருக்கும் ஊறும், மெல்லும்போது மரக்கட்டைக்குக்கூட ஊறும். அது அல்ல. எரிச்சல் தலைக்கேறியது, எட்டாவதை எரிச்சலோடு மென்றார். ஒன்பது. வாந்தி வருமோ. வரவில்லை. பதினொன்றாவதுக்குப் பிறகு தட்டில் கால்வாசி மிச்சம் இருந்தது. ஆறு முப்பத்து மூன்றுக்குக் கையைத் தட்டிலேயே கழுவினார்.

ரிஷபதாஸ் எழுந்தார், செருப்பைப் போட்டுக்கொண்டார். "மன்னிச்சேன்னு நீங்க இன்னும் சொல்லலை" என்றார் வாசலில் நின்று.

"சித்தப்பாகிட்ட கேக்க வேண்டியது அது" என்றார் தரணேந்திரன். "தராசு விஷயத்துல எனக்கு உன் மேல ஒண்ணும் இல்ல."

அவர் போய்விட்டார். தெருவிளக்கு எரிந்தது.

மறுநாள் தரணேந்திரன் ஜயபாலனிடம் நேரில் சொன்னார். ஜயபாலன் மாலை வாசிப்பின்போது கோயிலில் அதைச் சொன்னார். வருகைகள் அந்த வாரத்தோடு நின்றன. வியாழக்கிழமை எடை நாற்பது கிலோ முந்நூறு கிராம். குழாய் வைக்கவில்லை, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அப்போது நாற்பத்தொன்று. ரிஷபதாஸ் அதன் பிறகு வீட்டுக்கு வரவில்லை. ஈயத்தை ஒட்டியது யார் என்பதை ஆடி மாதத்தில் அவரே தம் மனைவியிடம் சொன்னதாகக் கனகமாலை கேள்விப்பட்டாள். அவள் அதைக் கணவரிடம் சொன்னாள். டிசம்பரில் ரிஷபதாஸின் மகள் திருமணப் பத்திரிகை அஞ்சலில் வந்தது. தரணேந்திரன் போனார், பகல் பந்தியில் உட்கார்ந்தார், இலையில் வைத்த எல்லாவற்றிலும் கொஞ்சம் சாப்பிட்டார். அன்று அவர் எடை நாற்பத்தேழு. பசி திரும்பவில்லை. காலை எட்டுக்கும், பன்னிரண்டுக்கும், மாலை ஐந்தரைக்கும் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறார்.